அறுப்பின் பண்டிகைக் கவர்

இராஜாக்கமங்கலம்
அக்டோபர் 27

சுயம்புராஜ் சார்,

போன் செய்தால் முடிகிற விஷயத்துக்கு டீச்சர் ஏன் தபால் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். என் போனில் சிம் இல்லை. நானே கழற்றி உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். உங்கள் கட்சிப் பக்கத்தில் ஒரு காணொளிக்குக் கீழே என் நம்பரையும் மகள் ரெனிஷா நம்பரையும் யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். யார் யாரோ கூப்பிட்டார்கள். என் வயதுக்கு நான் கேட்டிராத வார்த்தைகளெல்லாம் கேட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு, தெருவில் காணிக்கைக் கவர் கொடுக்கும் பொறுப்பு எப்போதும்போல எனக்குத்தான். உங்களுக்குத் தெரியாததா? நாம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நாள் தொட்டு உங்கள் வீட்டுக்கும் ஒன்று தருவேன். சண்முகவடிவு தன்னால் முடிந்ததை வைத்துத் திருப்பித் தருவாள். கொடுக்கும்போது கவர் காலி. பண்டிகையன்று திரும்பி வரும்போதுதான் அதில் காணிக்கை இருக்கும்.

அந்த ஞாயிறு மாலை ரெனிஷாவும் கூட வந்தாள். பள்ளிக்கூட வேலையோடு வாக்காளர் பட்டியல் திருத்தும் வேலையையும் அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதுவும் அதே தெரு. "ஒரே படியை ரெண்டு தடவை எதுக்கு ஏறணும்மா, ஒரு நடையா முடிச்சிருவோம்" என்றாள். நானும் சரி என்றேன். அவள் கழுத்தில் அரசாங்க அட்டை, கையில் படிவங்கள். பக்கத்தில் கவர்க்கட்டோடு நான். அந்தக் கோலத்தில் வெளியாட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை காணொளி வந்துவிட்டது. 'ஓட்டுக்குக் கவர்! தேர்தல் பணியாளரே பட்டுவாடா!' மூலையில் உங்கள் கட்சிக்கொடி ஆடுகிறது. குவைத்தில் இருக்கும் மருமகன் ஜெனித்துக்கு நாங்கள் சொல்லும் முன்பே அவன் அறையில் தங்கியிருப்பவன் காட்டிவிட்டான். அந்த வாரமே ரெனிஷாவுக்குப் பணியிடை நீக்க ஆணை வந்தது. நவம்பர் 20 அன்று நாகர்கோவிலில் விசாரணை. குற்றம் நிலைத்தால் வேலையே போய்விடும்.

எடுத்தது ரெஜிலா மகன் டெனிஷ். படத்தின் ஓரத்தில் ரெஜிலா வீட்டு மாடிக் கொடிக்கயிறு தெரிகிறது. எங்கள் சபைக்காரன், கவர் என்றால் என்ன என்று தெரிந்தவன். அவனைத் தாலுகாவின் சமூக வலைத்தளப் பொறுப்பில் வைத்தது நீங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் காணொளி வெட்டி ஒட்டியது, கவரில் பணம் இல்லை என்று உங்கள் கட்சி தன் பெயரில் சொல்ல வேண்டும். அதுவும் 20ஆம் தேதிக்கு முன்னால்.

ஜெயபாய்


சென்னை
நவம்பர் 1

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைச் சண்முகவடிவிடமும் வாசிக்கக் கொடுத்தேன். அவள் முடித்துவிட்டு என்னோடு பேசாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் கோபம் அப்படித்தான், உங்களுக்கே தெரியும்.

டெனிஷைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். உடனே நீக்கிவிட்டான். நம்முடைய பக்கத்தில் இப்போது அது இல்லை. ஆனால் அதற்குள் எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்சி தன் பெயரில் சொல்வது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே இருக்கும் நிலைமையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சமூக வலைத்தளங்களைக் கட்டுப்படுத்த அரசு ஒரு புதிய சட்ட வரைவு கொண்டுவந்திருக்கிறது. ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால் சில மணி நேரத்துக்குள் எந்தப் பதிவையும் எடுத்துவிட வேண்டும், காரணம் கேட்க முடியாது என்கிறது அந்த வரைவு. எங்கள் கட்சியின் நிலைப்பாட்டை எழுத ஐந்து பேர் கொண்ட குழு. அதில் நானும் ஒருவன். அந்த வேலைக்காகத்தான் மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கிறேன். எதிர்ப்பது என்று முடிவாகிவிட்டது. அது சரியான முடிவு என்றே நம்புகிறேன்.

நம் பள்ளிக்கூடத்துச் சுவர்ப்பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் எழுதி ஒட்டுவார்கள். சத்துணவு சமைக்கிற அம்மா அரிசி திருடுகிறாள் என்று ஒருவன் பொய்யாக எழுதினான். ஹெச்.எம். என்ன செய்தார்? பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு குடிதண்ணீர்க் குழாய் வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்ததுகூட அந்தக் கண்ணாடிக்குள் போகவில்லை. பொய்யைத் தடுக்கப் போட்ட பூட்டு தண்ணீரைப் பற்றிய உண்மையையும் தடுத்தது. நாடு முழுவதுக்கும் அப்படி ஒரு பூட்டு வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

ஒரு வேண்டுகோள். காணொளியை நீக்கச் சொல்லி நீங்கள் அதிகாரிகளிடம் மனுக் கொடுக்க வேண்டாம். இந்த நேரத்தில் எங்கள் கட்சிப் பதிவே அரசு உத்தரவால் நீக்கப்பட்டது என்று செய்தி வந்தால், நாங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். 18ஆம் தேதி நாகர்கோவிலில் விளக்கக் கூட்டம். அது முடியட்டும். நான் ஏதாவது வழி பார்க்கிறேன்.

சுயம்புராஜ்


இராஜாக்கமங்கலம்
நவம்பர் 5

சார்,

மனு கொடுத்தாயிற்று. உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கொடுத்தேன். முந்தி வந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.

உங்கள் கூட்டம் 18. என் மகளின் விசாரணை 20. இடையில் இருக்கும் ஒரு நாளில் நீங்கள் பார்க்கப்போகும் வழி என்ன? இருபது வருஷம் பக்கத்து வகுப்பில் பாடம் எடுத்தவரிடம் கேட்கிறேன், கட்சிக்காரரிடம் அல்ல.

டெனிஷ் நேற்று வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்றான்.

"டீச்சர், வீடியோவ எடுத்தாச்சு. இனி பிரச்சினை இல்ல."

"ஆருக்குப் பிரச்சினை இல்ல? ஒனக்கா, இவளுக்கா?"

"மேலேருந்து கேட்டாவ டீச்சர். டெய்லி ஏதாவது போடணும். நம்ம தாலுகாலேருந்து ஒண்ணும் வரலன்னு குரூப்புல வச்சு மானத்த வாங்குதாவ. அவியளுக்கு அனுப்பினேன். கவர்னு தலைப்பு வச்சது அவிய."

"வெட்டினது ஆரு மக்கா?"

அப்போது ரெனிஷா வெளியே வந்தாள். பணியிடை நீக்க ஆணை வந்ததிலிருந்து அவள் ஒருவரிடமும் சத்தமாகப் பேசவில்லை. அவனைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்: "ஏலே, அடுத்த நடை ஒங்க வீடுதான? ஒங்க அம்மைக்கும் கவர் குடுத்தோமே. அது வரைக்கும் எடுத்தியா?"

அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. பைக்கை ஸ்டார்ட் செய்யாமலே முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான்.

புரிகிறதா சார்? முழுப் படத்தில் அவன் அம்மாவும் அதே கவரை வாங்குகிறாள். அந்த இடத்தில் வெட்டியிருக்கிறான். அவன் அம்மா வாங்கினால் காணிக்கை, மற்றவர்கள் வாங்கினால் லஞ்சம். ரெஜிலா என்னோடு ஒரே கொயரில் பாடுகிறவள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

உங்கள் சுவர்ப்பத்திரிகைக் கதைக்கு வருகிறேன். பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பூட்டுப் போட்டது ஹெச்.எம். அதற்கு முன்னால் ஒன்று நடந்ததே? எழுதினவன் ரிஜோ என்று கண்டுபிடித்தது யார்? அவனை அடிக்கவில்லை, ஹெச்.எம்.மிடம் கொண்டு போகவும் இல்லை. 'நான் எழுதியது பொய், சமைக்கிற அம்மா திருடவில்லை' என்று அவன் கையாலேயே எழுத வைத்தீர்கள். அதே பலகையில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். அந்த அம்மா வந்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அதைச் செய்தவர் ஏன் இந்தக் கடிதத்தில் இல்லை?

அந்தச் சுயம்புராஜ் சார் சென்னையில் எங்காவது தென்பட்டால் என் வீட்டு விலாசத்தைக் கொடுங்கள்.

ஜெயபாய்


சென்னை
நவம்பர் 10

டீச்சர்,

திட்டியது போதாது, இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

நீங்கள் நினைவூட்டியதை அப்படியே ஒரு பத்தியாக எழுதி வரைவில் சேர்த்தேன். 'பதிவை நீக்கும் அதிகாரம் அரசிடம் போகக் கூடாது என்று கேட்கிற நாங்கள், எங்கள் பக்கத்தில் வரும் பொய்க்கு நாங்களே பொறுப்பேற்போம். தவறு என்று தெரிந்தால் அதே பக்கத்தில், அதே அளவில், திருத்தம் வெளியிடுவோம்.' இவ்வளவுதான்.

குழுவில் வாசித்ததும் வழக்கறிஞராக இருக்கும் அம்மா ஒருவர் சொன்னார்: "சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் போட்டா நம்ம பேஜ்ல நாளைக்குத் திருத்தம் மட்டும்தான் இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் டீச்சர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

பத்தி அடிக்கப்பட்டுவிட்டது. மற்றக் கட்சிகள் செய்யாததை நாம் ஏன் முதலில் செய்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். தேர்தல் வருகிறது, இப்போது தவறு என்று ஒப்புக்கொண்டால் எல்லாமே பொய் என்பார்கள் என்கிறார்கள். இதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் தொந்தரவு.

18ஆம் தேதி நிலைப்பாட்டை வாசிக்கப்போவது நான். 'வாத்தியார் வாசித்தால் ஜனங்கள் நம்புவார்கள்' என்றார் மாவட்டச் செயலாளர். ரெனிஷா விஷயத்தை அவரிடம் எடுத்தேன். "அதை இப்போ தொட வேண்டாம் சார். தொட்டால் நீங்க பொறுப்பிலே இருக்க மாட்டீங்க" என்று தோளில் கைபோட்டுக்கொண்டே சொன்னார்.

பத்து வருஷம் போஸ்டர் பசை வாளி தூக்கி வந்த இடம் இது. என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதினால் அது உங்களை ஏமாற்றுவது.

சுயம்புராஜ்


இராஜாக்கமங்கலம்
நவம்பர் 14

சார்,

என் மனுவுக்கு உத்தரவு வந்துவிட்டது. புதிய சட்டம்கூடத் தேவைப்படவில்லை, இருக்கிற விதியே போதுமானதாக இருந்தது. 'மேற்படி சம்பவம் தொடர்பான காணொளிகள்' எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி ஒரே வரி.

எல்லாவற்றையும் என்றால் என்ன என்று முந்தாநாள்தான் தெரிந்தது. ரெனிஷா ஒரு காணொளி போட்டிருந்தாள். மேசையில் கவர்க்கட்டை வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, 'இது காணிக்கைக்கான கவர், கொடுக்கும்போது இப்படிக் காலியாகத்தான் இருக்கும்' என்று பேசியிருந்தாள். நான்கு தடவை அழுது, ஐந்தாவது தடவை அழாமல் பேசியது. அதையும் எடுத்துவிட்டார்கள். டெனிஷ் வெட்டியது வாட்ஸ்ஆப்பில் இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை யாராலும் எடுக்க முடியாதாம். நேற்று வடசேரிச் சந்தையில் காய்கறிக்காரி ஒருத்தி ரெனிஷாவைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரியிடம் "கவர் டீச்சர்" என்றிருக்கிறாள். ரெனிஷா பையில் போட்ட காயைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆகவே, பூட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தண்ணீரைப் பற்றிய உண்மையும் போய்விட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சரியாகச் சொன்னதால் என் மகளுக்கு என்ன கிடைத்தது? அதிகாரி பூட்டுகிறார். கட்சி திருத்த மறுக்கிறது. நடுவில் இவள் நிற்கிறாள்.

தெருவில் மிச்சமிருக்கும் வீடுகளுக்குக் கவர் கொடுக்கப் போனேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். என்மேல் கோபம் இல்லை, படம் பிடித்துவிடுவார்களோ என்ற பயம்.

ஒவ்வொரு வருஷமும்போல உங்கள் கவரை இத்துடன் வைத்திருக்கிறேன். வெளியே உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புங்கள், வருத்தப்பட மாட்டேன். இனி நான் எழுதுவதாக இல்லை.

ஜெயபாய்


வடசேரி
நவம்பர் 19

டீச்சர்,

மைத்துனர் வீட்டில் இருந்து எழுதுகிறேன். நேரில் வந்திருப்பேன். வாசலில் இரண்டு தொலைக்காட்சிக்காரர்கள் நிற்கிறார்கள். நான் கிளம்பினால் அவர்கள் உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வருவார்கள். ஆட்டோ ஓட்டும் நேசையன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று மண்டபம் நிறையக் கூட்டம். நிலைப்பாட்டை முழுவதும் வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஏனென்றால் அதில் இருப்பதை நான் நம்புகிறேன். பதிவை நீக்கும் அதிகாரம் கேள்வி கேட்பாரற்ற ஒரு கையில் போகக் கூடாது. உங்கள் மகளுக்கு நடந்ததற்குப் பிறகு இன்னும் உறுதியாக நம்புகிறேன். கைதட்டினார்கள்.

பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடித்த பத்தியை மனப்பாடமாகச் சொன்னேன். மாவட்டச் செயலாளர் என் வேட்டியைப் பின்னாலிருந்து இழுத்தார். சட்டைப் பையில் இருந்து நீங்கள் அனுப்பிய கவரை எடுத்துப் பிரித்து, தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். "இதுதான் நம்ம பக்கத்துல பணம்னு போட்ட கவர். என் பேரு எழுதியிருக்கு. நான் சர்ச்சுக்கு இல்ல, வைகுண்டர் பதிக்குக் கும்பிடப் போறவன். எனக்கும் இருபது வருஷத்துக்கு மேலா இது வருது. ஒரு தடவைகூட இதுக்குள்ள பணம் வந்ததில்ல, போகத்தான் செய்திருக்கு. நம்ம ஆள்தான் வெட்டினான், நம்ம ஆள்தான் தலைப்புப் போட்டான். ரெனிஷா டீச்சர்கிட்ட இந்த மேடையிலேருந்து மன்னிப்புக் கேக்கேன்" என்றேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ "வாத்தியாரே, எறங்கும்" என்றார்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் பேசினேன். வகுப்பில் பேசிய தொண்டைதானே, கடைசி பெஞ்சு வரைக்கும் போயிருக்கும்.

கூட்டத்தைக் கட்சிப் பக்கத்தில் நேரலையாக ஓட்டிக்கொண்டிருந்தது டெனிஷ். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் அவனிடம் ஓடி வந்து ஏதோ சொன்னார்கள். அவன் போனை இறக்கவில்லை.

ஆக, அதே பக்கத்தில், அதே இடத்தில், திருத்தம் வந்துவிட்டது. அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. தலைமை அலுவலகத்தில் இருந்து நீக்கிவிட்டார்கள். பதிவுகளை நீக்கக் கூடாது என்று தீர்மானம் போட்ட கூட்டத்தின் பதிவை, நாற்காலிகளை அடுக்கும் முன்பே கட்சியே நீக்கிவிட்டது. ஆனால் அதற்குள் கொஞ்சம் பேர் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதுவும் இப்போது ஊர் ஊராகப் போகிறது என்கிறான் மைத்துனர் மகன்.

காலையில் என்னைப் பொறுப்பில் இருந்து விடுவித்ததாகக் கடிதம் வந்தது. சண்முகவடிவு போனில் பேசினாள். "இப்பந்தான் நல்லா உறங்கப் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

நாளைக் காலை விசாரணைக்கு வருவேன். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வெளியே பெஞ்சில் இருப்பேன். கையெழுத்திட்ட வாக்குமூலமும் கவரும் கையில் இருக்கும். அங்கே நீங்கள் என்னோடு பேச வேண்டாம். பேசினால் சேர்ந்து தயார்செய்தது என்பார்கள்.

சுயம்புராஜ்


இராஜாக்கமங்கலம்
நவம்பர் 24

சார்,

இனி எழுத மாட்டேன் என்று சொன்னவள்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்களை உள்ளே கூப்பிட்டு வெறுமனே வாக்குமூலத்தையும் கவரையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போவதைப் பார்த்தேன். பேசக் கூடாது என்று நீங்களே எழுதியிருந்ததால் பேசவில்லை. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மத்தியானம் ரெஜிலா வந்தாள். டெனிஷின் சட்டைக் கையைப் பிடித்தபடி வந்தாள், முப்பது வயது ஆண்பிள்ளையை. உங்கள் பேச்சைப் பார்த்து அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கிறது. "உள்ள போ லே. போயி நடந்தத சொல்லு. இல்லன்னா நானும் கவர் வாங்கினவதான், என்னையும் புடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

அதிகாரி அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "கவருக்குள்ள என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல சார். குடுக்கும்போ காலியாத்தான் இருக்கும்."

"அது அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

திரும்பி அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு "தெரியும்" என்றான். போனில் இருந்த முழுப் படத்தையும் காட்டினான். கடைசியில் ரெஜிலா ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கவரை வாங்குகிறாள், என்னிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். ரெனிஷா மட்டும் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பணியிடை நீக்கத்தை ரத்து செய்வதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆணை வர வேண்டும். இரண்டு வேலையை ஒன்றாகப் பார்த்ததற்கு எச்சரிக்கை உண்டாம். அது நியாயம்தான். சந்தைக்கு மட்டும் ரெனிஷா இன்னும் போகவில்லை. காய் நான்தான் வாங்குகிறேன். அவளை அங்கே திரும்பக் கொண்டுபோக எந்த ஆணையாலும் முடியாது, கொஞ்ச நாள் ஆகும்.

நேற்றுப் பண்டிகை. கவர்கள் போன வருஷத்தைவிடக் குறைவாகத்தான் வந்தன. டெனிஷ் கடைசி வரிசையில் இருந்தான். நான் அவனிடம் பேசவில்லை. பேசுவேன், இப்போது இல்லை. உங்கள் கட்சியின் பக்கத்தில் இதுவரை ஒரு வரி திருத்தம் வரவில்லை. தினமும் ரெனிஷா பார்க்கிறாள்.

உங்கள் கவர் பண்டிகைக்கு வரவில்லை சார். விசாரணைக் கோப்பில் நூல் கோத்துக் கட்டிவிட்டார்கள். அதனால் வேறு ஒன்று உங்கள் பெயர் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். சபையில் காணிக்கைக் கணக்கு முடித்தாயிற்று, ஆனாலும் உங்களுக்காகப் பெட்டியைத் திறப்பார்கள். சண்முகவடிவையும் கூட்டிக்கொண்டு நீங்களே கொண்டுவந்து கொடுங்கள். தபாலில் அனுப்பினால் வாங்க மாட்டேன்.

கவர் காலிதான். சந்தேகமிருந்தால் திறந்து பாருங்கள், யாரை வேண்டுமானாலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். முழுசாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஜெயபாய்